காவல் மாறும் வேளை

போர்முனையில் வீரன் தனித்து நிற்பதில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னரே அவன் தனியனாகின்றான்.

இதனை நன்குணர்ந்தவர் கரியப்பா. இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியராகிய அவர், 1953 ஜனவரி 14-இல் ஓய்வு பெற்றார். 1964-இல் 'இந்திய முன்னாள் படைவீரர் லீக்' தோன்றக் காரணராயினார். அவர் ஓய்வு பெற்ற நாளே இன்று முன்னாள் படைவீரர் நாளாகப் போற்றப்படுகின்றது.

எங்கள் குளத்தூர் வானம் பார்த்த கரிசற் பூமி. என் மாணாக்கர் சிலர் இங்கிருந்து படைக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஓய்வுக்குப் பின் காலமானார். எழுத்தறியாத அவர் மனைவி, ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றினை அளிக்கத் தவறினார். குடும்ப ஓய்வூதியம் நின்றது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்து முதியவர் இருவர் நலம் விசாரிக்கச் சென்றபோதே செய்தி வெளிப்பட்டது. அவர்கள் அவ்வம்மையாரைத் தூத்துக்குடியிலுள்ள படைவீரர் நல அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றனர். சில திங்களில் ஓய்வூதியம் நிலுவையுடன் வந்தது.

நான் பாராட்டியபோது அவருள் ஒருவர், "ஐயா, காவல் மாறும்போது அடுத்தவனை எழுப்பாமல் நாங்கள் படுப்பதில்லை" என்றார்.

சட்டம் உரிமையைத் தரும். அஃது ஒரு வீட்டை எட்டவில்லை என்பதை அறிவதற்கோ அருகிலிருப்போர் கண் வேண்டும்.

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அன்று உண்டியலில் காசிடுவது நன்று. உங்கள் தெருவிலுள்ள முதியவரிடம், "சான்று அளித்துவிட்டீர்களா?" என வினவுவது அதனினும் நன்று. 2014 முதல் அதனை மின்னணு முறையிலும் அளிக்கலாம். அக்கலை உங்களுக்குக் கைவந்ததன்றோ?