பாசறையில் பிறந்த எழுத்து



குண்டுக்கு இனம் தெரியாது என்பார்கள். துவக்கேந்தியவனுக்குத் தெரியும். அவனைப் பார்க்கும் அயலவனுக்கும் தெரியும். ஆகவே பல இனத்தார் ஒரே படையில் நின்ற கதை நம் இலக்கியத்துக்குரிய பொருள்தான்.

1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது அவர்களுடைய படையில் மலாய் வீரர்கள் இருந்தனர். கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பக்கத்திலும் மலாயர் நின்றனர். ஒரே மொழி, ஒரே மார்க்கம், எதிரெதிர் அணிகள்! ஆங்கிலேயர் சரணடைந்ததும் மலாயரைத் தன் சேவகத்துக்கு மன்னன் அழைத்தான். பலர் இணங்கினர். கப்டன் நூருத்தீன் மறுத்தார், கொல்லப்பட்டார். அவர்களுள் யார் துரோகி, யார் விசுவாசி? வரலாறு ஒரு விடை சொல்லலாம். இலக்கியம் இருவரின் நெஞ்சையும் திறந்து பார்க்க வேண்டும்.

பின்னர் இலங்கை றைபிள் படையில் மலாயரோடு சிங்களவரும் இந்தியச் சிப்பாய்களும் ஆபிரிக்கரும் சேவித்தனர். தலைமை வெள்ளையரிடமே இருந்தது. ஆனாலும் நம்மவர் அரபுத்தமிழ் வளர்த்ததுபோல, அம்மலாயர் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் பாசறைகளில் ஏடுகளைப் பிரதி செய்தனர். படைவீரர் வழிவந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1873இல் படை கலைக்கப்பட்டது. எழுத்து மிஞ்சியது.

நம் காலத்துக்கு வருவோம். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின் படைகளில் தமிழ் பேசுவோரின் இடம் சுருங்கியது. 1980களில் கிழக்கின் முஸ்லிம் இளைஞர் சிலர் தமிழ் இயக்கங்களில் சேர்ந்தனர். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதன்பின் பலர் ஊர்காவல் படையில் துவக்கேந்தினர். 1996இல் முல்லைத்தீவில் இராணுவ அதிகாரி பஸ்லி லாபிர் உயிர்நீத்தார்.

தமிழில் கனவு கண்டு, சிங்களத்தில் கட்டளை கேட்டு, இரு பக்கத்தாரின் ஐயத்துக்கும் ஆளாகி, இறக்காமம் போன்ற வயலூர்களில் இரவெல்லாம் விழித்திருந்தவனின் கதை வீரகாவியமன்று, வசைப்பாட்டுமன்று. அவனால் காக்கப்பட்டவரும் உண்டு. அவனுக்கு அஞ்சிய அயலூர்த் தமிழரும் உண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் துணிவே இன்றைய எழுத்தாளனிடம் நாம் கேட்பது.