ஊசியோடு நீந்திய கேரி ஹால்

1999 மார்ச்சில் அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருப்பது உறுதியானது. வயது 24. மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய நீச்சல் வீரரின் மகன் அவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் இரண்டு தங்கம், தனிப் போட்டிகளில் இரண்டு வெள்ளி என்று தாமும் பெயர் வாங்கியவர். போட்டி நீச்சலை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

முதல் வகைச் சர்க்கரை நோய் இனிப்பு தின்று வருவதல்ல. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் தலைகாட்டும் இந்த நோய்க்கு மாத்திரை போதாது. ஆயுள் முழுவதும் இன்சுலின் வேண்டும். 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, இது வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை.

மருத்துவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. உடற்பயிற்சியின்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்கின்றன. நோயில்லாதவருக்கு அந்த நேரத்தில் கணையம் இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசி போட்டவருக்கோ உள்ளே போன மருந்து போனதுதான். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். தரையில் என்றால் உட்கார்ந்து ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாம். நீச்சல் குளத்தின் நடுவில் என்ன செய்வது?

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. முழு மூச்சில் சில வினாடிகள் பாயும்போது அட்ரினலின் பொங்குகிறது, கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, அளவு எகிறிவிடுகிறது. அதே மனிதருக்குப் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, நள்ளிரவுத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கவும் கூடும். ஆகவே விளையாட்டு வீரருக்கு அளவு மாறாத ஒரே ஊசி உதவாது. அன்றைய பயிற்சி என்ன, சாப்பாடு என்ன என்று பார்த்து ஒவ்வொரு வேளையும் கணக்குப் போட வேண்டும். முதலில் பார்த்த மருத்துவர்களிடம் எச்சரிக்கை இருந்தது, இந்தக் கணக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஆன் பீட்டர்ஸ் என்ற சர்க்கரை நோய் மருத்துவரிடம் அது இருந்தது. விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பது ஹாலுக்கு நாளில் பலமுறை செய்யும் வேலையானது. இன்சுலின் ஊக்கமருந்துப் பட்டியலிலும் இருப்பதால், நோயாளியான வீரர் மருத்துவச் சான்று காட்டி அனுமதியும் பெற வேண்டும்.

2000 ஆகஸ்டில் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் அவர் 50 மீட்டரை 21.76 வினாடியில் கடந்து நாட்டின் சாதனையை முறியடித்தார். அடுத்த மாதம் சிட்னி. 50 மீட்டர் இறுதியில் அவரும் சக அமெரிக்கர் ஆன்டனி எர்வினும் ஒரே 21.98 வினாடியில் சுவரைத் தொட, தங்கம் இருவருக்கும் கிடைத்தது. 2004 ஏதென்ஸில் மீண்டும் 50 மீட்டர் தங்கம். குரோஷியாவின் டுயே டிராகன்யாவை முந்தியது வினாடியில் நூறில் ஒரு பங்கால். அப்போது வயது 29. குத்துச்சண்டை வீரர் போல அங்கி மாட்டிக்கொண்டு வந்து, காற்றில் குத்துவிட்டுக் காட்டுவது அவர் வழக்கம். நோய் அந்தக் குறும்பை மட்டும் தொடவேயில்லை!

பதக்கக் கணக்கு மொத்தம் பத்து, அதில் ஐந்து தங்கம். ஆனால் ஹாலின் வாழ்வில் நோய் கொண்டுவந்த மாற்றம் அந்தக் கணக்கில் அடங்காது. அதுவரை வேகம் ஒன்றே குறியாக இருந்தவர், தம் பெயரில் சர்க்கரை நோயாளிகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். ஊசி போட்டுக்கொள்ளும் சிறுவர்களைத் தேடிச்சென்று பேசினார். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயில் அவர் வீடு எரிந்தபோது பதக்கங்களும் போயின. தப்பும் அவசரத்தில் அவர் கையில் எடுத்தவற்றுள் இன்சுலின் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் ஒலிம்பிக் கமிட்டி லொசானில் பத்துக்கும் மாற்றுப் பதக்கங்கள் வழங்கியது.

இந்த நோயோடும் உச்சத்தில் விளையாடலாம் என்பதற்குக் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமே சான்று. அவருக்குச் சர்க்கரை நோய் தெரியவந்தது 1997-இல். ஒருநாள் போட்டிகளில் 500-ஆவது விக்கெட்டை எடுத்தது 2003 உலகக் கோப்பையில்.

இந்த அவையிலுள்ள பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்சுலின் போடும் பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிள்ளையை விளையாட விடுங்கள்.