சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே போகிறோம்?" என்பதுதான். ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரை ஒருநாள் பார்த்து வர, மாதக்கணக்கில் பணம் சேர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. வியர்வை சிந்திச் சேர்த்த அந்தப் பணத்துக்குப் பயன் வேண்டாமா? கடைகடையாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளையின் மனத்தில் என்ன தங்கும்? ஆகவே, எதைப் பார்ப்பது, பார்க்கும்போது என்ன சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

எல்லாரும் முதலில் தேடுவது நீரைப் பீய்ச்சும் சிங்கச் சிலையை. தலை சிங்கம், உடல் மீன். சிங்கபுரம் என்ற பெயருக்காகச் சிங்கத் தலை. பழைய மீனவர் ஊர் என்பதற்காக மீன் உடல். ஏதோ புராணத்து விலங்கு என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடும். சுற்றுலாத் துறைக்குச் சின்னமாக 1964இல் வரையப்பட்ட உருவம் அது. 8.6 மீட்டர் உயரமுள்ள சிலையை 1972இல் திறந்துவைத்தார்கள். 2002இல் இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தினார்கள். இதைச் சொல்லிக்கொடுத்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, மேலே நடப்போம்.

சற்றுத் தொலைவில் வெண்மையாக உயர்ந்து நிற்பது புனித ஆண்ட்ரூ தேவாலயம். 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்ததே. தேவாலயச் சுவரின் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்துச் சாந்து அரைத்தார்கள். சென்னைச் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். நம் நாட்டுக் கைவேலை கடல் கடந்து வந்த கதை அது.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். 1819இல் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் தோற்றுவித்த கோயில் அது.

அடுத்து, தேக்கா என்று நாம் அழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதி. அங்கே 'பஃபலோ சாலை', 'கெர்பாவ் சாலை' என்ற பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பொருள் எருமை. புல்லும் நீரும் இருந்ததால் அங்கே மாட்டு வணிகம் வளர்ந்தது. அந்த வேலைக்கு வந்த நம்மவர்கள் அங்கேயே குடியேறினார்கள். ஒரு சாலையின் பெயர்கூடச் சரித்திரம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை போனால், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பதைக் காணலாம். முகம் சுளித்து விலகாதீர்கள். குடும்பத்தைப் பிரிந்து பிழைக்க வந்த நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் நின்றார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் தாவரவியல் பூங்கா. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. 1859இல் அமைந்த அந்தப் பூங்காவை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. பூப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். நம் வாழ்வைத் திருப்பிய மரம் வேர்பிடித்த மண் அது!

பிரேசில் நாட்டு விதைகளை இங்கிலாந்தில் முளைக்க வைத்து, 1877இல் 22 கன்றுகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார்கள். மற்றவை இந்தப் பூங்காவில் வளர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் அவற்றை ஆராய்ந்தார். அதுவரை பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; மரம் நொந்துபோகும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை அடுத்தடுத்துத் திறந்தால் பால் கூடும், பட்டையும் மீண்டும் வளரும் என்று ரிட்லி கண்டார். ஆழம் தவறினால் மரம் காயப்படும் என்பதை மங்கும் வாளியும் பிடித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடுங்கள் நடுங்கள் என்று அலைந்த அவரைப் பித்தர் என்று ஊர் சிரித்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் தோட்டமாக நட்டார். மோட்டார் வண்டிக்குச் சக்கரம் தேவைப்பட, மலாயாக் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. ஆயிரமாயிரமாக நம் முன்னோர் கப்பலேறினார்கள்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பால் வெட்டுக் கத்தியைக் கண்டறியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டியின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது?

புறப்படுமுன் எல்லாருடைய கடப்பிதழையும் சரிபாருங்கள். கட்டுச்சோறு கொண்டு போகலாம். ரயிலுக்குள் மட்டும் உண்ணவோ பருகவோ கூடாது, அபராதம் உண்டு. திரும்பியதும், கண்டவற்றைப் பிள்ளை ஒரு பக்கம் எழுதட்டும். அதை வீட்டில் உள்ள முதியவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் கீழே எழுதி வைக்கட்டும். கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட அந்தத் தாள் நெடுநாள் நிற்கும்.