கண்ணாடி டம்ளரில் இறங்கும் வெள்ளை நூல்

இன்று உருளைக்கிழங்கைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் பற்றிப் பேசுவோம், நேயர்களே. நெய்யாற்றின்கரை அருகே நம் அதியன்னூரில் உருளைக்கிழங்கு யார் நடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கேரளத்தில் அது விளைவது மூணாறுக்கு அப்பால், வட்டவடை, காந்தளூர் மலைகளில். தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும். ஆனால் உருளையைச் சாய்க்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவின் இனத்தார்தாம் நம் வீட்டுப் புரையிடத்து வழுதலங்காய் என்கிற கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகளையும் சாய்க்கிறார்கள். 1896-இலேயே எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கிருமியை விவரித்து எழுதிவிட்டார்.

வேரின் சிறு காயம் வழியே நுழைந்து, நீர்க்குழாய்களில் பெருகி, பிசினால் அவற்றை அடைத்துவிடும். மண் ஈரமாக இருக்கும். இலையோ பச்சை மாறாமலே தொங்கும். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு அக்கா, "சாரே, ரெண்டு நேரமும் வெள்ளம் கோருறேன், பின்னையும் வாடுதே" என்று கண்கலங்கினார். அவர் ஊற்றிய வெள்ளமே கிருமியை அடுத்த செடியின் மூட்டுக்கு இழுத்துப் போயிருந்தது.

அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம், கேளுங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர். வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடியுங்கள், அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் பால் போல ஒரு வெள்ளை நூல் கீழே இறங்கும். அத்தனையும் பாக்டீரியா! பூஞ்சண வாடலில் இந்த நூல் வராது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். கிழங்கில் சந்தேகமா? குறுக்கே வெட்டி அழுத்துங்கள்; பழுப்பு வளையத்திலிருந்து வெண்பிசின் கசியும்.

குளிர்மலையில் இன்னொரு சங்கடம். அங்கே செடி வாடாமலே கிழங்குக்குள் கிருமி பதுங்கியிருக்கும். வெப்பம் கூடிய இடத்தில் அதை நட்டால்தான் நோய் தெரியவரும். நெதர்லாந்தில் 1995-இல் இதே நோய், கிழங்கின் பழுப்பழுகலாக, பரவியபோது, ஓடைக்கரைக் களைச்செடி ஒன்றின் வேரில் கிருமி தங்கி, பாசன நீரில் இறங்கியது தெரியவந்தது. கடையில் வாங்கும் கிழங்கிலும் கிருமி பதுங்கியிருக்கலாம்; ஆகவே முளைவிட்ட கடைக்கிழங்கைப் புரையிடத்தில் நடாதீர்கள், நேயர்களே.

உருளையைத் தாக்கும் மற்ற பாக்டீரியா நோய்களான கருங்கால் நோய், சொறிநோய் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. முன்னது குளிர்ந்த ஈர மண்ணில் அடித்தண்டை அழுகவைக்கும். பின்னது தோலோடு நின்றுவிடும்.

வாடலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பட்ட செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் சோளமோ பூண்டோ போடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த சக்தி, முக்தி, அனகா தக்காளியும், சூர்யா, ஸ்வேதா, ஹரிதா கத்தரியும், உஜ்ஜுவலா மிளகாயும் இந்த வாடலைத் தாங்கும். அடுத்த நடவுக்கு அந்த விதைகளைக் கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகத்தில் கேட்டு வாங்குவீர்கள் என்று நம்புகிறேன்.