பெயர் வெட்டிய பாத்திரங்கள்



குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் பரண்மேலிருக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. பழைய சாமான் வியாபாரி தராசுடன் வாசலில் நிற்கிறார். அவருக்கு வேண்டுவது எடை ஒன்றே. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயர் அன்று.

பள்ளியில் இந்தியும் தெருவில் மராத்தியும் பேசும் எங்கள் குழந்தைகள், சென்ற விடுமுறையில் ஒரு செம்பின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தனர். கொள்ளுப்பாட்டியின் பெயர் வெள்ளெழுத்தில் எழும்பிற்று. அதிலிருந்த 'னா' அவர்களுக்கு விளங்கவில்லை. 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன்னர், அவ்வெழுத்தில் துணைக்கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழிக்கப்பட்டது என்று விளக்கினோம். அவ்வளவுதான், பரணையே கவிழ்த்துவிட்டார்கள்! அரிச்சுவடியை வைத்துக்கொண்டு நாம் மன்றாடியும் வராத ஆர்வம், ஒரு தூக்குச்சட்டியால் வந்தது. (ஈயச் செம்பை மட்டும் அவர்கள் கையில் கொடாதீர்கள், மெத்தென்ற உலோகம், நசுங்கிவிடும்.)

விற்றே தீரவேண்டுமாயின், அன்பர்களே, பெயரையேனும் படியெடுத்துக் கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் இரண்டு யாருடையவை என்று எவருக்கும் தெரியவில்லை. ஊரிலிருக்கும் பெரிய அத்தையைக் கேட்டிருக்கிறோம்.