பட்டம் வழங்குவது யார்?

(பள்ளிவாசல் மண்டபத்தில் பெற்றோருக்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். தாயாரின் நகைகளை அடகு வைத்து மூன்றாண்டுகள் படித்தவர். அரசுப் பணித் தேர்வில் தேறியும், சான்றிதழ் சரிபார்ப்பின்போது, “இது பட்டம் அன்று, பட்டயம்” என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். நெடுங்காலம் கல்லூரி ஆசிரியனாக இருந்தும், அவர் சேருமுன் இதனைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லையே என்னும் வருத்தத்துடன்தான் உங்கள்முன் நிற்கிறேன்.

கல்லூரி பாடம் நடத்தும். பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம், 22ஆம் பிரிவில் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். ஐ.ஐ.டி.க்கள் இம்மூன்றாம் வகையின. நாமறிந்த திருச்சி ஜமால் முகமது கல்லூரியையே பாருங்கள். தன்னாட்சி பெற்றது, பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியே. ஆயினும் பட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தினுடையது.

பட்டயம் தாழ்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். புகழ்பெற்ற ஐ.ஐ.எம்.களே 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முதுநிலைப் பட்டயந்தான் வழங்கி வந்தன. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர், பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். பட்டயத்தைப் பட்டமென்று சொல்லிக் கட்டணம் வாங்குவதே குற்றம்.

மேற்படிப்பிலும் கவனம் தேவை. எம்.ஃபில். படிப்பை மானியக்குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கிவிட்டது. அதன் பின்னரும் சிலர் விண்ணப்பங்கள் கோரியதால், 2023 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது.

மதரஸாவில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். உத்தரப் பிரதேச மதரஸா சட்டம் செல்லும் என 2024 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அதன்கீழ் வழங்கப்பட்ட காமில், ஃபாஸில் பட்டங்களை மட்டும் ஏற்கவில்லை. காரணம் அதே 22ஆம் பிரிவுதான். மார்க்கக் கல்வியின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் ஆலிம் சனது பெறும் பிள்ளை, பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றும் பெற்றிருப்பது பிற்காலத்தில் கைகொடுக்கும்.

ஆகவே கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மானியக்குழுவின் இணையத்தளத்தில் அப்பெயர் உள்ளதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. தொலைநிலைக் கல்வியாயின், பல்கலைக்கழகத்திற்கு மட்டுமன்றி அந்தப் படிப்புக்கும் அனுமதி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது முதலாமாண்டிலிருந்து மீண்டும் படித்து வருகிறார். சேர்க்கைக் காலம் முழுவதும் ஜுமுஆ தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் இருப்பேன். பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பத்தை எடுத்து வாருங்கள்.