வண்டிக்கு ஆயில் மாற்றும் காலை

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 போன்ற க்ரூஸர் வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் என்ஜினை 5 நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி, அழுக்கையும் அள்ளிக்கொண்டு இறங்கும். கழற்றிய டிரெயின் போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மாவு போன்ற பொடி இருந்தால் பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால், மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஃபில்டரும் போல்ட் வாஷரும் புதிதாகவே போடுங்கள். போல்ட்டைக் கையால் திருகி, புரி பிடித்த பிறகுதான் ஸ்பேனர். அலுமினியப் புரி, முரட்டுத்தனம் தாங்காது.

காருக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன. கார் ஆயிலில் அவை வழுக்கக்கூடும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிற்கட்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்தல்ல.

பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். காலி டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.